கடாவுக்குப் பதிலாக ஒரு படம்

மதினி,

நேற்று சூலக்கரையில் உங்கள் சேவலைப் பார்த்தேன்.

உங்கள் பேரில் இருக்கிற மனை விஷயமாக ஒரு கையெழுத்து வாங்க அண்ணனோடு போயிருந்தேன். கையெழுத்துப் போட வேண்டிய அதிகாரி சாப்பிடப் போயிருக்கிறார் என்றார்கள் ஆபீஸில். எப்போது வருவார் என்று கேட்டால் கோபித்துக்கொள்கிற முகங்கள். வெயிலுக்குப் பயந்து எதிர்த்த டீக்கடையில் ஒதுங்கினோம். அங்கே பிள்ளையார் படத்துக்கும் முருகன் படத்துக்கும் நடுவில், அடுப்புப் புகை ஏறிப் பழுத்துப்போன ஒரு அட்டை. கோடு போட்ட சட்டையில் ஒரு பையன், அவன் கக்கத்தில் ஒரு கருஞ்சேவல். பையனின் முகம் அவித்து எடுத்த இட்லி மாதிரி அமைதியாக இருந்தது. சேவலோ கடைக்குள் வருகிற ஒவ்வொருத்தரையும் நீ யார், உனக்கு என்ன வேண்டும் என்று விசாரித்துக்கொண்டிருந்தது. அடியில் பேர் போட்டிருக்கிறதா என்று நான் தேடவே இல்லை. பிள்ளைகளைப் பொம்மையாகவும் கோழிகளை மனிதராகவும் வரைகிற ஆள் எனக்குத் தெரிந்து நீங்கள் ஒருத்திதான்.

பையன் யார் என்று கடைக்காரரிடம் கேட்டேன். அவருடைய மகன்தான், இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறானாம். "வர்றவக பூராம் சேவலத்தான் கேப்பாக. பயல யாரும் கேட்டதில்ல" என்று சிரித்தார். எங்கள் மதினி வரைந்தது என்று சொன்னேன். கையிலிருந்த கிளாஸை அப்படியே வைத்துவிட்டு, "திருத்தங்கல் அக்காவா? நல்லா இருக்காகளா?" என்றார்.

இருக்காக என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. அண்ணன் ஆறிப்போன டீயை மறுபடி மறுபடி ஆற்றிக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும் பஸ்ஸில் உங்களோடு மனதுக்குள் பேசிக்கொண்டே வந்தேன். ஊர் வந்து சேர்ந்தபின் நடந்த ஒன்றையும் உங்களிடம் சொல்லியாக வேண்டும். அதற்குத்தான் இந்த மடல். ஆனால் எனக்கு எதையும் நேராகச் சொல்லத் தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும். சுற்றி வளைத்துத்தான் வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் இந்த வேலையில் இறங்கியதே ஒரு தீபாவளி சீசன் அவசரத்தில்தான். மத்தாப்புக் கம்பெனி ஒன்று லேபிள் ஆர்டர் கொடுத்திருந்தது. வழக்கமாகப் படம் போட்டுக் கொடுக்கிறவருக்கு மஞ்சள் காமாலை. அண்ணன் நம் அச்சகத்தின் வாசலில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். நான் புரூஃப் பார்க்கிறவள், என் மேசையில் இருந்தேன். நீங்கள் சாப்பாட்டுத் தூக்குச்சட்டியோடு வந்தவர், "என்னதான் வேணுமாம் அவுகளுக்கு?" என்று கேட்டீர்கள். ஒரு பிள்ளை, கையில் ஏதாவது ஒன்று, முகத்தில் சிரிப்பு, அவ்வளவுதான் என்றார் அண்ணன். நீங்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டு, ஸ்டூலில் உட்கார வைத்து, அது வளர்த்த கோழியையே அதன் கையில் கொடுத்துவிட்டீர்கள். மறுநாள் படம் தயார். சுற்றிலும் பூச்சக்கரம் மாதிரி வட்டமாகக் கதிர்கள், நடுவில் முட்டைக்கண்ணோடு பிள்ளை, அதன் மடியில் மகாராணி மாதிரி கோழி.

கம்பெனிக்காரர்கள் பார்த்துவிட்டுப் பிள்ளை சிரிக்கவில்லையே என்றார்கள். நீங்கள் கொஞ்சமும் அசரவில்லை. "கோளியப் பிடிச்சிருக்க பிள்ள சிரிக்காதுங்க. கொஞ்சம் சிரிச்சாலும் அது கையவிட்டு ஓடிரும்ல" என்றீர்கள். வேறு படத்துக்கு நேரம் இல்லாததால் அதையே அச்சடித்தோம். அந்த வருசம் கடைக்கு வந்தவர்கள் கம்பெனிப் பேரைச் சொல்லாமல் கோழி மத்தாப்பு கொடு என்று கேட்டார்களாம். அண்ணன் அதைச் சொல்லும்போதெல்லாம் உங்களைப் பார்க்க மாட்டார், சுவரைப் பார்த்துத்தான் சொல்வார். பெருமையை நேரில் காட்டுகிற பழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது.

அதற்குப் பிறகு எங்கள் பிள்ளையையும் ஒன்று போட்டுக் கொடுங்கள் என்று தாய்மார்கள் வரத் தொடங்கினார்கள். அச்சுக்கு ஆகாமல் ஒதுக்கிய காலண்டர் அட்டையின் பின்புறத்தில் போஸ்டர் கலரால் வரைந்தீர்கள். லேபிளில் கம்பெனிப் பேருக்காக அடியில் ஒரு பட்டை விடுவோம் இல்லையா, அதை வீட்டுப் படங்களிலும் பழக்க தோசத்தில் விட்டுவிட்டீர்கள். வெறும் பட்டை அசிங்கமாக இருக்கிறதே என்று நான்தான் சொன்னேன். யோசித்துவிட்டு அதில் பிராணியின் பேரை எழுதினீர்கள். பிள்ளையின் பேரை எழுதக் கூடாதா என்று சண்டை போட்ட தாய்மார்களும் உண்டு. பிள்ளைக்கு ரேசன் கார்டில் பேர் இருக்கிறது, இதற்கு எங்கே இருக்கிறது என்று கேட்டு அனுப்பிவிட்டீர்கள்.

உங்கள் வேலை முறையே தனி. முதலில் பிள்ளையைப் பார்க்க மாட்டீர்கள். பிராணியைப் பார்த்து, அதைப் பற்றிப் பிள்ளையிடம் கேட்பீர்கள். எங்கே படுக்கும், என்ன தின்னும், யாரைக் கண்டால் பயப்படும், இடியிடித்தால் என்ன செய்யும். அதுவரை வாயைத் திறக்காத பிள்ளை பொலபொலவென்று கொட்டிவிடும். நாய் அப்பாவுக்குப் பயப்படும் என்று சொன்ன பையனின் கையை, நாயின் கழுத்தைச் சுற்றி இறுக்கிப் பிடித்த மாதிரி வரைந்தீர்கள். ஏன் இப்படி நெரிக்கிறான் என்று நான் கேலி செய்தேன். "பிள்ளையப் பத்திப் பிள்ளைகிட்டக் கேட்டா ஒண்ணும் தெரியாது. நாயப் பத்திக் கேட்டா வீட்டுல நடக்க பூராத்தையும் சொல்லிரும்" என்றீர்கள். அதற்குப் பிறகு அந்தப் படத்தைக் கேலி செய்ய எனக்கு வாய் வரவில்லை.

உங்களுக்குப் பிள்ளை இல்லை என்பதை உங்களைவிட ஊர்தான் நன்றாக ஞாபகம் வைத்திருந்தது. எங்கள் அம்மா உங்களைக் கூட்டிக்கொண்டு ஏறாத கோயில் இல்லை. எந்தக் கோயிலானாலும் பூக்கட்டிப் பார்ப்பார்கள். வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று, தனித்தனிப் பொட்டலமாக மடித்து அம்மன் முன்னால் போட்டு, ஒரு சின்னப் பிள்ளையை எடுக்கச் சொல்வது. வெள்ளை வந்தால் நினைத்தது நடக்கும். உங்களுக்கு ஒவ்வொரு தடவையும் வெள்ளைதான் வந்தது. அம்மா அந்தப் பூவை உங்கள் தலையில் வைத்துக் கண்ணீர் விடுவார். நீங்கள் வீட்டுக்கு வந்து அதை எடுத்துத் தண்ணீர்க் கிண்ணத்தில் மிதக்கவிட்டுவிட்டு அரிசி களையப் போவீர்கள். ஒரு கட்டத்துக்குமேல் கோயிலுக்கு வர மாட்டேன் என்று சொல்லிவிட்டீர்கள். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. அம்மா சேலை மாற்றிக்கொண்டு நின்றபோது, நீங்கள் தூரிகையைக் கழுவிக்கொண்டே இருந்தீர்கள், அவ்வளவுதான்.

அந்த நீங்கள் சரசுவுக்காக மறுபடி கோயில் படி ஏறினீர்கள்.

சரசு நம் அச்சகத்துக்குப் பின்தெருவில் இருக்கிறவள். பட்டாசுக் கம்பெனியில் பெட்டிக்கு லேபிள் ஒட்டுகிற வேலை. அவள் மகள் பேச்சிக்கு மூன்று வயதில் மூளைக் காய்ச்சல் வந்து, பிழைக்குமா பிழைக்காதா என்று விருதுநகர் பெரியாஸ்பத்திரியில் கிடந்தது. பிள்ளையைத் திருப்பிக் கொடுத்தால் ஒரு கடா தருகிறேன் என்று சரசு நம் தெரு மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். பிள்ளை பிழைத்தது. கடா மட்டும் கோயிலின் ஒவ்வொரு பங்குனிப் பொங்கலுக்கும் அடுத்த வருசம் என்று தள்ளிப்போனது. வளர்ந்த கடா விலைக்கு அவள் எங்கே போவாள். கடைசியில் பால்குடி மறந்த குட்டி ஒன்றைப் பிடித்து, அம்மனுக்கு என்று மஞ்சள் துணி கட்டி, வளர்த்துக் கொடுத்துவிடலாம் என்று வீட்டில் விட்டாள்.

அங்கேதான் தவறினாள். நேர்ந்துவிட்ட குட்டிக்கு நம் பக்கத்தில் யாரும் பேர் வைக்க மாட்டார்கள். குட்டி என்போம், கடா என்போம், அதோடு சரி. பிள்ளைக்கு அது எப்படித் தெரியும். எங்கே விட்டாலும் துள்ளித் துள்ளிக் குதிக்கிறது, சீனிவெடி மாதிரி இருக்கிறது என்று பேச்சி அதற்குச் சீனி என்று பேர் வைத்துவிட்டாள். அம்மா வேலைக்குப் போனபின் அந்த வீட்டில் இருந்தது பேச்சியும் சீனியும்தான். பள்ளிக்கூடத்து வாசல்வரை அது கூடவே போகும், விடுகிற நேரத்துக்கு மறுபடி போய் நிற்கும். போகிற வழியில் அச்சகத்துக்குள் நுழைந்து கழிவுத் தாளைத் தின்றுவிட்டுப் போகும். அதை விரட்டி விரட்டியே எனக்கு முழங்கால் வலி வந்தது.

ஒரு தை மாதத்தில் சரசு பேச்சியையும் சீனியையும் கூட்டிக்கொண்டு உங்களிடம் வந்தாள். பேச்சிக்கு அப்போது எட்டு வயது இருக்கும். "படம் போட்டுக் குடுங்கக்கா. பங்குனியில கடா போயிரும். பிள்ள பார்த்துக்கிட்டுக் கிடக்க ஒரு படமாவது இருக்கட்டும்" என்றாள். நல்ல மனதோடுதான் சொன்னாள். பிள்ளை பக்கத்தில் நிற்கிறது என்பதை மறந்துவிட்டாள். பேச்சி அழவில்லை. சீனியின் காதைப் பிடித்துக்கொண்டு உங்கள் கலர் டப்பாக்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அன்றிலிருந்து அந்தப் பிள்ளை ஒரு நிமிசம் அசையாமல் உட்கார்ந்ததில்லை. சொறிவாள், திரும்புவாள், தண்ணீர் வேண்டும் என்பாள், சீனியைக் கிள்ளி எழுப்பிவிடுவாள். எனக்கு எரிச்சலாக வந்தது. ஓர் அதட்டுப் போடுங்கள் மதினி என்றேன். நீங்கள் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் போய், "ஏ புள்ள, படம் முடிஞ்சா கடாவ வெட்டிருவாகன்னு பிள்ளைக்குத் தெரியும். அது எப்படி ஆடாம உக்காரும்?" என்றீர்கள். எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு படம் முடியாமல் இருக்க நீங்களும் பேச்சியும் கூட்டுச் சேர்ந்துகொண்டீர்கள். இதைப் பற்றி நீங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசி நான் பார்த்ததில்லை. சரசு வந்து கேட்டால் கொம்பு வளர்ந்துவிட்டது, அழித்து மறுபடி போட வேண்டும் என்பீர்கள். அடுத்த தடவை வந்தால் தாடி முளைத்துவிட்டது என்பீர்கள். பாவாடைக் கலர் சரியில்லை, அட்டை ஈரம் கோத்துவிட்டது, மஞ்சள் டப்பா தீர்ந்துவிட்டது. இவ்வளவு பொய்யையும் ஒரு முகச்சுளிப்பு இல்லாமல் சொல்கிற ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை. சரசு உங்களை ஒன்றும் சொல்ல முடியாமல் போவாள். பேச்சி மட்டும் வாசலில் நின்று உங்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

மாசிக் கடைசியில் பேச்சிக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல்தான், ஊசி போட்டதும் இறங்கிவிட்டது. ஆனால் சரசு அரண்டுபோனாள். அம்மன் ஞாபகப்படுத்துகிறாள், இன்னும் ஏமாற்றினால் பிள்ளையையே கேட்பாள் என்று உங்கள் காலடியில் உட்கார்ந்து அழுதாள். படத்தை முடிக்காவிட்டாலும் பரவாயில்லை, இந்தப் பங்குனிக்குக் கடாவைக் கொடுத்துவிடப் போகிறேன் என்றாள். எனக்கு அவள்மேல் கோபம். காய்ச்சலுக்கும் கடாவுக்கும் என்ன சம்பந்தம் என்று நன்றாக நாலு கேட்கலாம் என்று வாயெடுத்தேன். நீங்கள் என் கையைப் பிடித்து அமுக்கினீர்கள்.

அவள் போனபின் உங்களிடம் சண்டைக்கு வந்தேன். மூடநம்பிக்கை என்று ஏதோ பெரிய பேச்செல்லாம் பேசினேன். நீங்கள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு கிடந்தவள் அவள்தான், நாம் இல்லை என்றீர்கள். "அவ பயத்துக்கு நீயும் நானும் மருந்து குடுக்க முடியாது. அத அம்மன்தான் குடுக்கணும்." அப்போது எனக்கு அது சும்மா ஒரு பேச்சாகத்தான் பட்டது.

மறுநாள் சரசுவிடம் போய் ஒரு யோசனை சொன்னீர்கள். கண் வலிக்கு நேர்ந்தவர்கள் வெள்ளியில் கண் செய்து போடுகிறார்கள், பிள்ளை வரம் கேட்டவர்கள் மண்ணில் பிள்ளை செய்து வைக்கிறார்கள். அதுபோல இந்தக் கடாவுக்குப் பதிலாகக் கடாவின் படத்தை வாங்கிக்கொள்வாளா என்று பூக்கட்டி அம்மனிடமே கேட்டுவிடலாம். சிவப்பு வந்து அவள் வேண்டும் என்றால் கடா, வெள்ளை வந்து போதும் என்றால் படம். சரசு யோசித்தாள். அம்மன் வாயால் சொல்லிவிட்டால் எனக்கும் சம்மதம் என்றாள். அவள் முகத்தில் அன்றைக்குத்தான் கொஞ்சம் ரத்த ஓட்டம் தெரிந்தது.

படத்தை இரண்டே நாளில் முடித்துவிட்டீர்கள். பேச்சி ஆடாமல் அசையாமல் உட்கார்ந்தாள். பச்சைப் பாவாடை, ரெட்டைச் சடை, சீனியின் கழுத்தைக் கட்டியிருக்கிற கை. சுற்றிலும் அதே மத்தாப்புக் கதிர்கள். உங்கள் வழக்கப்படி பிள்ளையின் முகம் வெறுமையாகவும் ஆட்டின் முகம் நிறைவாகவும் இருக்கும் என்று நினைத்தேன். இந்தப் படத்தில் மட்டும் ரெண்டு பேரும் ஒரே மாதிரி பார்த்தார்கள். அடிப்பட்டையில் சீனி என்று எழுதினீர்கள்.

செவ்வாய்க்கிழமை காலையில் கோயிலுக்குப் போனோம். பூக்கட்டுகிற வேலையை நீங்களே கேட்டு வாங்கிக்கொண்டீர்கள். பூசாரிக்கு அதில் ஒன்றும் ஆட்சேபணை இல்லை, சுமங்கலிதானே, கட்டட்டும் என்றார். நீங்கள் தூணுக்குப் பின்னால் போய், அச்சகத்திலிருந்து கொண்டுவந்த லேபிள் வெட்டுத் தாளில் பூவை மடித்துக்கொண்டு வந்து அம்மன் முன்னால் போட்டீர்கள். சிறுபிள்ளை யாராவது வாருங்கள் என்று பூசாரி கூப்பிட்டதும் நம் பேச்சியே முன்னால் போய் நின்றுவிட்டாள். சரசு தடுக்கப் பார்த்தாள். அதுவே எடுக்கட்டும், அதற்காக வந்த நேர்த்திதானே என்று பூசாரி சொல்லிவிட்டார்.

மதினி, அந்தப் பிள்ளை அங்கே நின்ற நிலையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். கை நீட்டும், இழுத்துக்கொள்ளும். ஒரு பொட்டலத்தின் மேல் விரலை வைத்து, எடுத்து, அடுத்ததைத் தொட்டுப் பார்க்கும். வெளியே வேப்பமரத்தில் கட்டியிருந்த சீனி கத்திக்கொண்டிருந்தது. சரசு கண்ணை மூடிக்கொண்டு உதட்டைக் கடித்தபடி நின்றாள். நீங்கள் மட்டும் பருப்பு வேகக் காத்திருக்கிறவர் மாதிரி நின்றுகொண்டிருந்தீர்கள். அதைப் பார்த்துத்தான் எனக்குச் சந்தேகமே வந்தது.

பேச்சி எடுத்தாள். பூசாரி பிரித்தார். வெள்ளை.

சரசு அப்படியே தரையில் விழுந்து கும்பிட்டாள். விம்மி விம்மி அழுதாள். எத்தனை வருசத்துப் பயமோ, அத்தனையும் அன்றைக்கு அவள் உடம்பைவிட்டு இறங்கியதைக் கண்ணால் பார்த்தேன். பேச்சி வெளியே ஓடிவிட்டாள். அந்தக் கூத்தில் கீழே கிடந்த இன்னொரு பொட்டலத்தை நீங்கள் எடுத்து முந்தியில் முடிந்துகொண்டதை யாரும் கவனிக்கவில்லை, என்னைத் தவிர.

வரும் வழியில் முந்தியை அவிழுங்கள் என்றேன். முதலில் சிரித்து மழுப்பினீர்கள். நான் விடவில்லை. முந்தியை அவிழ்த்துத் தாளைப் பிரித்துக் காட்டினீர்கள். அதுவும் வெள்ளைதான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சாமி காரியத்தில் இப்படிச் செய்யலாமா, உங்களுக்குப் பயமே இல்லையா என்று நடுரோட்டில் நின்று உங்களைத் திட்டினேன். மூடநம்பிக்கை என்று அவ்வளவு பேசியவள் நான்தான். நீங்கள் அந்தப் பூவை முகர்ந்து பார்த்தீர்கள்.

"எனக்கு எத்தன தடவ வெள்ளப் பூவாக் குடுத்து ஏமாத்தியிருக்கா. நான் ஒரே ஒரு தடவ ஏமாத்துனா கோவிச்சுக்கிருவாளா?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னீர்கள். பூவை மறுபடி முந்தியில் முடிந்துகொண்டு முன்னால் நடந்தீர்கள்.

படத்தைக் கோயில் முன்மண்டபத்தில் மாட்டினார்கள். வருகிறவர்கள் பேச்சிக்கும் சீனிக்கும் சேர்த்துக் குங்குமம் வைத்துவிட்டுப் போனார்கள். அதைப் பார்த்துவிட்டு எங்கள் கடாவையும் வரைந்து கொடுங்கள் என்று நாலைந்து பேர் வந்து நின்றதும், ஊரெல்லாம் படமாகக் கொண்டுவந்தால் பொங்கலுக்குக் கறி எங்கிருந்து வரும் என்று பூசாரி புலம்பியதும் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். இது பேச்சிக்கு மட்டும் கிடைத்த உத்தரவு என்று சொல்லி எல்லோரையும் திருப்பி அனுப்பினீர்கள்.

அப்புறம் சில வருசம் கழித்து உங்களுக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். மதுரைக்கும் திருத்தங்கலுக்கும் நாம் அலைந்த அலைச்சலைப் பற்றி எழுத எனக்குத் தெம்பு இல்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். எத்தனையோ புத்தகத்துக்குப் புரூஃப் பார்த்தவள், பகுத்தறிவு பேசுகிறவள், ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது அந்த இரண்டாவது வெள்ளைப் பூவைத்தான் நினைத்தேன். நினைக்கக் கூடாது என்று நினைத்து நினைத்து நினைத்தேன். ஒருநாள் உங்கள் தலைமாட்டில் இருந்துகொண்டு கேட்டும்விட்டேன். மதினி, அந்தப் பூவுக்காக இருக்குமோ என்று. நீங்கள் மாத்திரை அட்டையின் பின்புறத்தில் நர்ஸ் வீட்டுப் பூனையை வரைந்துகொண்டிருந்தீர்கள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அவ என்ன அம்புட்டுச் சின்னப் புத்திக்காரியா?" என்றீர்கள்.

நீங்கள் அப்படிச் சொன்னபின் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. ஆனால் முழுசாக வரவில்லை. நீங்கள் போன அன்றும் அந்தப் பயம் ஒரு மூலையில் இருந்துகொண்டேதான் இருந்தது. இதை நான் அண்ணனிடம்கூடச் சொல்லவில்லை.

உங்கள் துட்டிக்குச் சரசு வந்தாள். நாலு பேர் தேற்றும்படியாக அழுதாள். பேச்சி வரவில்லை. கருமாதிக்கும் வரவில்லை. அச்சகத்துப் பக்கமே தலைகாட்டவில்லை. சீனி மட்டும் எப்போதும்போல் வந்து தாளைத் தின்றுவிட்டுப் போனது. பெரிய பிள்ளையாகிவிட்டாள், வெட்கமாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். உள்ளுக்குள் எனக்கு அவள்மேல் வருத்தம்தான். உங்கள் மடியில் கிடந்த பிள்ளை ஒரு எட்டு வந்து பார்த்திருக்க வேண்டாமா என்று.

நேற்று சூலக்கரையிலிருந்து திரும்பி வந்தபோது அச்சகத்து வாசல்படியில் பேச்சி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் சீனி. நல்ல உயரம் வளர்ந்துவிட்டாள், பள்ளிக்கூட யூனிஃபார்ம் தாவணியைத் திருகிக்கொண்டே இருந்தாள். அண்ணன் அவளைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். நான் சாப்பிட்டாயா என்று கேட்டேன். அதை விட்டுவிட்டு, ஒரு விசயம் சொன்னால் திட்டமாட்டீர்களா என்று கேட்டாள். திட்டமாட்டேன் என்றேன்.

நீங்கள் மதுரையில் கிடந்தபோது இவள் தனியாகக் கோயிலுக்குப் போயிருக்கிறாள் மதினி. பெரியத்தையை, உங்களைத்தான், பிழைக்க வைத்தால் சீனியை நானே கூட்டிக்கொண்டு வந்து தருகிறேன் என்று நேர்ந்திருக்கிறாள். அம்மாவுக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது. இத்தனை மாதமும் அதை மனதில் வைத்துப் பூட்டிக்கொண்டு எங்கள் முகத்தில் முழிக்கப் பயந்து கிடந்திருக்கிறாள்.

"வாயால சொல்லிட்டேன் அத்த. ஆனா சொல்லும்போதே சீனி போயிருமேன்னு அளுகையா வந்துருச்சு. நான் மனசாரக் குடுக்கலன்னு அம்மனுக்குத் தெரிஞ்சிருக்கும். அதான் பெரியத்தையக் கூட்டிட்டுப் போயிருச்சு."

இதைச் சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் என்ன சொல்லப்போகிறேன் என்பதில்தான் அவளுடைய மீதிக் காலமே இருக்கிறது என்பதுபோல ஒரு பார்வை. உண்மையைச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். ரெண்டும் வெள்ளைப் பூதான் பேச்சி, பூவும் கிடையாது ஒன்றும் கிடையாது, வியாதி வந்தது, போய்விட்டார்கள் என்று. அப்படிச் சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்தேன். அப்படியென்றால் அம்மனின் கடன் தீரவே இல்லை என்று, காய்ச்சல் வந்த மகளை வைத்துக்கொண்டு ஒரு தாய் பட்ட பாடு அத்தனையும் இந்தப் பிள்ளையின் தலையில் வந்து உட்கார்ந்துவிடும். உங்களையும் சேர்த்துச் சந்தேகப்படும்.

அவளைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டேன். "ஏ புள்ள, இந்தக் கடா எனக்கு வேண்டாம், படம் போதும்னு அம்மன் அன்னைக்கே சொல்லிட்டாள்ல. நீதான உன் கையால பூ எடுத்த. ஒரு தடவ வேண்டாம்னு சொன்னத அவ எப்படித் திரும்ப வாங்குவா? நீ மனசாரக் குடுத்திருந்தாலும் வாங்கியிருக்க மாட்டா" என்றேன்.

பேச்சி தாவணியைத் திருகுவதை நிறுத்தினாள். "நெசமாவா அத்த?" என்றாள்.

"நெசமாத்தான்" என்றேன்.

அப்புறம்தான் அழுதாள். உங்களுக்காக அவள் அழுத முதல் அழுகை அது. பயம் இல்லாமல், வெறும் துக்கத்துக்காக, சின்னப் பிள்ளை மாதிரி என் மடியில் கிடந்து அழுதாள். நானும் அழுதேன். விளக்கு வைக்கிற நேரத்தில் முகத்தைக் கழுவிக்கொண்டு சீனியைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

நடுரோட்டில் நின்று உங்களைத் திட்டியவள் நான். ஆஸ்பத்திரியில் உங்கள் தலைமாட்டில் நடுங்கியவளும் நான்தான். நேற்று அந்தப் பிள்ளையின் கண்ணைப் பார்த்துக்கொண்டு உங்கள் பொய்யை என் வாயால் மறுபடி சொன்னபோது எனக்குப் பயமே வரவில்லை மதினி. தூணுக்குப் பின்னால் நின்று அந்த ரெண்டு பூவையும் மடித்தபோது உங்களுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும்.